அளசிங்கரின் அவல் மூட்டையும் விவேகானந்தரின் கம்பளியும்

சென்னை சென்ட்ரலில் ஏறிச் சாந்த்ராகாச்சியில் இறங்கும் இன்றைய பயணிக்கு, தமிழ்நாட்டுக்கும் வங்கத்துக்கும் இடையே உள்ளது ஏறத்தாழ ஒரு நாள் இரயில் தொலைவு. ஹவுராவைக் கிழக்குக் கடற்கரையோடு நேராக இணைக்கும் இத்தடம் 1900ஆம் ஆண்டில்தான் முழுமை பெற்றது. அதுவரை கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இடையிலான நேர்வழி கடலே. அக்கடல்வழிக் காலத்தில் அயல்நாடு சென்ற ஒருவரின் பெட்டியும், அவரை வழியனுப்பிய மற்றொருவரின் மூட்டையும் வரலாற்றாய்வில் ஒப்புநோக்கத் தக்கவை.

1893இல் விவேகானந்தரை அமெரிக்கா அனுப்பச் சென்னையில் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியவர்களுள் முதன்மையானவர், பள்ளி ஆசிரியரான அளசிங்கப் பெருமாள். 170 பவுன் நோட்டாகவும் 9 பவுன் காசாகவும் துறவியின் கையில் சேர்ந்தது. மேடைக்குரிய பட்டு அங்கியையும் தலைப்பாகையையும் கேத்ரி அரசர் தம் செயலர் வழியே ஏற்பாடு செய்தார். கல்கத்தாக்காரரான விவேகானந்தர் சிறிது கங்கை நீரும் எடுத்துச் சென்றதாகப் பின்னாளில் எழுதினார். பணம், மேடை, சமயம் ஆகிய மூன்றும் கருதப்பட்டிருந்தன. விடுபட்டது தட்பவெப்பம்.

மே 31 அன்று பம்பாயில் தொடங்கிய பயணம் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் எனப் பெரும்பாலும் வெப்பக் கடல்களின் வழியே சென்றது. ஜூலை நடுவில் யோகோஹாமாவில் கப்பல் மாறி, அம்மாதம் 25இல் வான்கூவர் சேர்ந்தார். நிலவுருண்டையின் வளைவினால் இவ்விரு துறைமுகங்களுக்கும் இடையிலான குறுக்குவழி வடக்கே வளைந்து அலூஷியன் தீவுகளை நெருங்கும். வடக்கிலிருந்து வரும் குளிர்நீரோட்டமும் மூடுபனியும் அங்கே கோடையையும் குளிர்விப்பன. தக்க கம்பளி உடையின்றி அக்கடலில் மிகவும் துன்புற்றதாக ஆகஸ்ட் 20ஆம் நாள் மாசச்சூசெட்ஸிலிருந்து அளசிங்கருக்கு அவர் எழுதினார்.

அக்கடிதம் ஒரு வரவுசெலவுக் கணக்கும் ஆகும். கையிருப்பு 130 பவுனாகக் குறைந்திருந்தது; நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு பவுன் செலவு. தையற்காரரிடம் சொல்லியிருந்த குளிர்கால உடைக்குக் குறைந்தது 300 ரூபாய் ஆகும். ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்று அரசு அவ்வாண்டு அறிவித்த விகிதப்படி அது 20 பவுன். அதாவது இருபது நாள் வாழ்க்கைச் செலவு. தெருவில் அவருடைய உடையைக் கண்டு கூட்டம் கூடியதால், வெளியே செல்ல நீண்ட கறுப்புக் கோட்டும், சொற்பொழிவுக்கு மட்டும் சிவப்பு அங்கியும் தலைப்பாகையும் என அவர் பிரித்துக்கொண்டார். குளிரும் வேடிக்கை பார்ப்போரும் சேர்ந்தே அவ்வுடைப் பட்டியலை வகுத்தனர் எனலாம்.

ஆறாண்டுகளுக்குப் பின், 1899 ஜூன் 20 அன்று, விவேகானந்தர் கல்கத்தாவிலிருந்து 'கோல்கொண்டா' கப்பலில் இரண்டாம் பயணம் புறப்பட்டார். சென்னையில் கப்பல் நின்றபோது, பிளேக் தடுப்பு விதிகளால் அவரால் கரையிறங்க இயலவில்லை. 'பிரம்மவாதின்' இதழ் குறித்துப் பேசவேண்டியிருந்த அளசிங்கர் கொழும்புவரை சீட்டு வாங்கி வெறுங்காலுடன் கப்பலேறினார். அவர் கையில் இரண்டு சிறு மூட்டைகள்: ஒன்றில் வறுத்த அவல், மற்றொன்றில் பொரியும் பட்டாணியும். கப்பல் உணவைத் தொடாமல், சாதி ஒழுக்கம் கெடாமல் இலங்கை சேர்வதற்கான ஏற்பாடு அது. முன்னொருமுறை இலங்கை சென்றுவந்தபோது சாதியார் அவருக்குத் தொல்லை தர முயன்றதுண்டு. இவற்றையெல்லாம் 'பரிவ்ராஜக' என்னும் தம் வங்கமொழிப் பயண நூலில் விவேகானந்தர் நகையும் பரிவும் கலந்து பதிவுசெய்துள்ளார்.

அம்மூட்டையில் குறையேதும் இல்லை. எத்தனை நாள் பயணம், எந்த உணவு கெடாது, எதை உண்டால் ஊரார் வினவமாட்டார்கள் என்பவை யாவும் அளசிங்கருக்குத் தெரிந்தவை. கடல் கடப்போரைச் சாதி எவ்வாறு தண்டிக்கும் என்பதை அவருடைய சமூகம் தலைமுறைகளாக அறிந்திருந்தது. வடபசிபிக்கின் குளிரை அறிந்து சொல்லவோ அச்சூழலில் ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை. 1893ஆம் ஆண்டுப் பெட்டியின் குறையை அன்பின் குறையாகவோ கவனத்தின் குறையாகவோ கொள்வது பொருந்தாது. பட்டறிவின் எல்லை அது. ஒரு சமூகம் தான் பட்டுணர்ந்த ஆபத்துகளுக்கு எதிராகவே மூட்டை கட்டுகிறது.

கடல் கடத்தல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சாத்திர விவாதங்களையும் சாதி விலக்குகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்கின்றன. தையற்கூலியும் அவல் மூட்டையும் அவற்றோடு வைத்து வாசிக்கப்பட வேண்டியவை. மேலை நாடுகளைக் கண்டிராத ஓர் ஆசிரியர், தாம் செல்லமுடியாத பயணத்துக்காக ஊரெல்லாம் கையேந்தினார். தம் பங்குக்குக் கொழும்புவரை பொரியும் பட்டாணியும் கட்டிக்கொண்டார். அக்காலச் சென்னையின் துணிவும் அச்சமும் அவ்விரு மூட்டைகளில் ஒன்றாகவே இருந்தன.