பழங்கல்லும் பழம்படமும்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் இருக்கிறது திருப்புலிவனம். புலிக்கால் முனிவர் பூஜித்த ஸ்தலம் என்பது ஐதிகம். அங்கே எனக்கு ஒரு நண்பர் உண்டு. அவருடைய தகப்பனார் 1960களில் 16 மில்லிமீட்டர் காமிரா ஒன்றை வைத்துக்கொண்டு கோயில் உற்சவத்தையும் ஏரிக்கரையையும் அறுவடையையும் படம் பிடித்தவர். சென்ற மாதம் பரணிலிருந்த டப்பாவைத் திறந்தபோது காடி நெடி மூக்கைத் துளைத்தது. அஸிடேட் பிலிம் கெட ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளம்.

"கொஞ்சம் நிலத்தை விற்று, பிலிமைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஸ்கானர் ஒன்று வாங்கிவிடட்டுமா, ஸார்?" என்று கேட்டார் நண்பர்.

எனக்கு நடராஜ முதலியார் ஞாபகம் வந்தது. தென்னாட்டின் முதல் கதைப் படமான 'கீசக வதம்' எடுத்தவர் அவர். லண்டனில் செய்த காமிராவையும், படி எடுக்கும் கருவியையும் தஞ்சாவூர்ச் செல்வந்தர் ஒருவரிடம் 1,800 ரூபாய்க்கு வாங்கினார் என்பார்கள். சென்னைப் புரசைவாக்கத்தில் ஸ்டூடியோவும் வைத்தார். படம் எடுக்கப் பணம் இருந்தது. எடுத்ததைக் காப்பாற்ற வேண்டுமென்ற எண்ணம் அன்று யாருக்கும் இல்லை. அவர் எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று கிடையாது. 1931இல் வந்த 'காளிதாஸ்' படமும் போய்விட்டது. அந்த நாளைய நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். தப்பியவற்றில் பலவற்றை, அதிலுள்ள வெள்ளிக்காகவே உருக்கினார்கள். புனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது 1964இல்தான்.

ஆனால் நம் முன்னோருக்கு இந்தக் கவலை புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில் கும்பகோணத்துக்கு அருகேயுள்ள திருக்கோடிகாவல் கோயிலைக் கருங்கல்லால் புதுப்பித்தார் செம்பியன் மாதேவியார். பழைய கோயிலில் இருந்த கல்வெட்டுகளைப் படி எடுத்து, புதிய சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். இது பழைய கல்லின் படி என்று குறித்தும் வைத்தார்கள். அரசியார் செலவிட்டது உளிக்காக அல்ல. பொறுமையாக உட்கார்ந்து படி எடுத்தவர்களுக்காக.

அதனால் நண்பரிடம் சொன்னேன்: "ஒரு கூடை நெல்லைக் குத்த ஓர் அரிசி ஆலை கட்டுவார்களா? மெஷின் பல லட்சம் ரூபாய். அதை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். நிலம் இருக்கட்டும். சென்னையில் இதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் கூலி கொடுத்து ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு ஊரில் வையுங்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். கம்ப்யூட்டர்த் தட்டும் கல் அல்ல. அசல் பிலிமை மட்டும் எறிந்துவிடாதீர்கள்."

நண்பருக்கு அரை மனசுதான். சொந்த மெஷின் என்ற ஆசை லேசில் விடுமா? ஆனாலும் டப்பாக்களைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பிரதி வந்த அன்று என்னை அழைத்தார். திரையில் ஏரிக்கரை ஓரமாக ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டுடன் வந்தாள். "அம்மா!" என்றார் நண்பர். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

விளக்கைப் போட்டதும் ஒரு பேனாவைத் தேடி எடுத்து, பிரதி இருந்த உறையின் மேல் எழுதினார்: 'பழைய பிலிமின் படி.'