பிலிப்புக்கு ஒரு வீடு

வேற்றுமொழி கற்பிக்கும் பணி கணினியிடம் முதன்முதலில் ஒப்படைக்கப்பட்டபோது, அது பிழை திருத்தும் வாத்தியாராகவே வந்து அமர்ந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 1960-இல் தொடங்கிய 'பிளேட்டோ' இதற்கு நல்ல உதாரணம். (தத்துவஞானியின் பெயர்தான்.) 1972-இல் வந்த அதன் நான்காம் வடிவத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை இருந்தது, விரலால் தொட்டும் விடையளிக்கலாம். கான்ஸ்டன்ஸ் கர்டின் அதில் ரஷ்யப் பாடங்களை அமைத்தார். பிளேட்டோ விடை திருத்திய முறை அக்காலத்துக்கு வியப்பானது. எழுத்துப்பிழையுள்ள சொல்லின் அடியில் ஒரு குறி, தவறான சொல்லுக்கு வேறொரு குறி, இடம் மாறி நின்ற சொல்லுக்கு ஓர் அம்பு. நூறு முறை தவறினாலும் அது முகம் சுளிக்காது. இதைச் சிறிய விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். கூச்சத்தாலேயே ஒரு மொழியைக் கைவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆனால் இந்த ஏற்பாட்டில், சரியான விடை கணினிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மனிதர்கள் பேசிக்கொள்ளும்போது அப்படியொரு விடைத்தாள் எங்கும் இருப்பதில்லை.

எம்.ஐ.டி. 1983-இல் 'அதீனா' என்ற கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கிளையான மொழித்திட்டத்துக்கு ஜேனட் மர்ரே தலைமை வகித்தார். இலக்கியம் படித்தவர், பின்னாளில் கணினிக் கதைசொல்லல் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர். அங்கே பிரெஞ்சு ஆசிரியை ஜில்பெர்த் ஃபர்ஸ்டன்பர்க்கும் அவருடைய சகாக்களும் உருவாக்கியதுதான் 'பிலிப்பைச் சந்திக்க'. பிலிப் பாரிஸில் வாழும் ஒரு பத்திரிகையாளன். காதலியோடு சண்டை; வீட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும். அவனுக்கு வீடு தேடித் தரவேண்டியவர் மாணவர். பத்திரிகை விளம்பரங்களைப் படிக்கவேண்டும், தொலைபேசியில் பதிவாகியிருக்கும் செய்திகளைக் கேட்கவேண்டும், அறைகளைச் சுற்றிப் பார்க்கவேண்டும். பேசுகிறவர்கள் மாணவருக்காக வேகத்தைக் குறைப்பதில்லை. பாரிஸ்காரர்கள் பேசுகிற வேகத்திலேயே பேசுகிறார்கள். கதைக்குப் பல முடிவுகள் உண்டு. ஒரு செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டால் மதிப்பெண் குறையாது, பிலிப்புக்கு வீடு கிடைக்காமல் போகும். தவறுக்கு ஒரு விளைவு வந்துவிட்டது. பிளேட்டோவின் அம்புக்குறிகளிலிருந்து இது எவ்வளவு தொலைவு!

1993-இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் இதை வெளியிட்டது. ஆனால் எல்லாம் ஒரு பெரிய ஒளித்தட்டில் இருந்தது. ஒரு பக்கத்தில் 54,000 சட்டகங்கள், அதாவது அரைமணி நேரப் படம். அதற்கான கருவிகளை பயோனியர் நிறுவனம் 2009-இல் தயாரிப்பதையே நிறுத்தியது. பிளேட்டோ பாடங்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். புத்தகத்துக்கு வேண்டியது வெளிச்சம் மட்டுமே. இவற்றுக்கோ அவை பிறந்த இயந்திரமே வேண்டியிருந்தது. கருவிகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இழப்பைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள்.

ஃபர்ஸ்டன்பர்க் அதோடு நிற்கவில்லை. 1997-இல் இணையத்தை வைத்து 'கல்ச்சுரா' என்ற இன்னும் எளிய ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்க மாணவர்களுக்கும் பிரெஞ்சு மாணவர்களுக்கும் ஒரே சொற்பட்டியல். கேட்டதும் மனத்தில் தோன்றுவதை அவரவர் தம் மொழியிலேயே எழுதவேண்டும். பிறகு இருவரிசைகளும் அருகருகே வைக்கப்படும். 'தனிமனிதவாதம்' என்ற சொல்லுக்கு அமெரிக்க மாணவர்கள் சுதந்திரத்தையும் தனித்தன்மையையும் எழுத, பிரெஞ்சு மாணவர்கள் பலர் சுயநலம் என்று எழுதினார்கள். அகராதியில் இரண்டும் ஒரே சொல். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள்.