மடமும் சமறியும்: கொழும்பில் யாழ்ப்பாணத்தார் உறையுள்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பெருவீதியிலே மருதனார்மடம் அமைந்துள்ளது. ஆறுகால்மடம், ஓட்டுமடம் முதலியனவும் குடாநாட்டில் வழங்கும் இவ்வகைப் பெயர்களே. வழிப்போக்கர் தங்குதற்கென மடங் கட்டுவித்தலும், கிணறு, ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி ஆகியவற்றை அமைத்தலும் பொருளுடையோர்க்கு உரிய அறங்களாக மதிக்கப்பட்டன. மடத்தில் உறங்கியவனிடம் எவரும் கூலி கேட்டிலர். ஆயினும் ஓரிரவு தங்கி மறுநாட் காலை வழிநடப்போனுக்கே அவ்வறம் வகுக்கப்பட்டது. ஊதியத்தின் பொருட்டு அயல் நகரில் ஆண்டுக்கணக்காக வாழ வேண்டியவன் எங்கே தங்குவது என்னும் வினா, குடாநாட்டாரைக் கொழும்பிலே எதிர்கொண்டது.

1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றது. அதன் பின்னர், சுன்னாகத்தில் வண்டியேறிய இளைஞனுக்குக் கொழும்பு எட்டாத தூரமன்று. மிஷன் பாடசாலைகளிலும் இந்துக் கல்லூரிகளிலும் ஆங்கிலங் கற்றோர் அரசாங்கக் கந்தோர்களில் எழுதுவினைஞராக அமர்ந்தனர். வேறு சிலர் புறக்கோட்டைக் கடைகளில் வேலை பெற்றனர். கடைச் சிப்பந்திகள் பலர் கடை பூட்டிய பின் அங்கேயே பாய் விரித்துப் படுத்தனர். எழுதுவினைஞர்க்கு அவ்வசதியும் இல்லை. தொடக்கச் சம்பளத்தில் தனி வீடு எடுத்தால், ஊருக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது.

இந்நெருக்கடிக்கு அவர்கள் கண்ட வழியே சமறி. ஆங்கிலேய உத்தியோகத்தரிடையே வழங்கிய சொல்லொன்று தமிழர் நாவில் இவ்வாறு திரிந்தது. தனியாட்கள் சிலர் சேர்ந்து ஒரு வீட்டை எடுப்பர். வாடகையையும் சமையற்காரரின் கூலியையும் அரிசி, மரக்கறிச் செலவையும் மாத முடிவிற் கணக்குப் பார்த்துப் பங்கிடுவர். கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை முதலிய இடங்களில் இத்தகைய வீடுகள் இருந்தன. புதிதாக நியமனம் பெற்றவன் ஓர் ஊரவரின் அல்லது உறவினரின் பெயரைச் சொல்லிக்கொண்டு அங்கே போய்ச் சேர்வான். திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களும் பம்பாயின் சால்களும் இதே தேவையிலிருந்து எழுந்தவையே. ஆயின் அவற்றைக் கட்டி அறையறையாக வாடகைக்கு விட்டவர் உடைமையாளர். சமறியை நடத்தியவரோ அதில் வாழ்ந்தோரே.

சமறி மலிவாக இருந்தமைக்குக் காரணம் கொழும்பில் இல்லை. அது யாழ்ப்பாணத்திலேயே இருந்தது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் உடைமையாகக் கண்டது. வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாக அவளைச் சேர்ந்தன. ஆகவே மனைவி தன் சொந்த வீட்டிலே, தன் சுற்றத்தின் நடுவே பிள்ளைகளை வளர்த்தாள். கணவன் நகரிலே ஒரு கட்டிலளவு இடத்தில் காலங்கழித்தான். மாதந்தோறும் மணியோடர் வடக்கே சென்றது. லீவு நாள்களில் அவனும் சென்றான். குடும்பத்தின் உறையுட் செலவைக் கிராமம் சுமந்தபடியாலேயே தலைநகரில் வாழ்க்கை கட்டுப்படியாயிற்று. பிள்ளைகள் தந்தையை விருந்தினரைப் போல வரவேற்றதும், மனைவி தனித்து வீட்டையும் தோட்டத்தையும் ஆண்டதும் அக்கணக்கில் எழுதப்படாத செலவுகளாம்.

அரசாங்கமும் வாடகையை அடக்க முயன்றது. முதலாம் உலகப் போரின்போது, கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள் முன்னின்று நடத்திய வாடகை மறுப்பை அடுத்து, 1915இல் பிரித்தானியாவில் வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. இலங்கையில் 1942ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும் அதே நெறியிற் சென்றன. பின்னையது 1941 நவம்பர் மாதத்து வரி மதிப்பீட்டை வாடகைக்கு அளவுகோலாக்கியது; வாடகைக்காரரை எளிதில் வெளியேற்றுவதையும் தடுத்தது. ஏற்கெனவே வீடு பெற்றிருந்தோர்க்கு இது பெருங் காப்பு. புதிதாக வருவோர்க்கோ வீடு அரிதாயிற்று. குறைந்த வாடகையில் இருப்பவர் வெளியேறார், உடைமையாளரும் புதியவர்க்கு விடத் தயங்குவர். உடைமையாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுதலையும் அச்சட்டம் விலக்கியது. ஆகவே பிறர் எடுத்த வீட்டில் அறையொன்றில் ஒதுங்கியவனுக்குச் சட்டத்தின் நிழல் முழுமையாக எட்டவில்லை. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும், ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகைக்கு எல்லை விதித்த 1973ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகைக்காரர் பலரை உரிமையாளராக்கின. அறைவாசி அறைவாசியாகவே இருந்தான்.

1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே தனிச் சிங்களச் சட்டமும் நிறைவேறியது. ஊருக்கும் உத்தியோகத்துக்கும் இடையே பயணம் எளிதாகிய வேளையில் உத்தியோகமே அரிதாகத் தொடங்கியது. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போதும், மீண்டும் 1983 ஜூலையிலும், கொழும்புத் தமிழர் பல்லாயிரவர் அகதி முகாம்களில் ஒதுங்கினர். பலர் கப்பலேறிக் காங்கேசன்துறையை அடைந்தனர். நகரில் இடம் இழந்தோரை அன்று ஊர் ஏற்றுக்கொண்டது.

அவ்வூரே நிலைகுலைந்தபோது நிலைமை முற்றாக மாறிற்று. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகப் பெயர்ந்தனர். கொழும்பு லொட்ஜுகளில் இப்போது தங்கியோர் தனியாட்கள் மட்டுமல்லர். விசாவுக்குக் காத்திருந்தோரும், மருத்துவத்துக்கு வந்தோரும், திரும்பிச்செல்ல வழியற்ற குடும்பங்களும் அவற்றை நிறைத்தனர். 2006 ஆகஸ்ட் மாதத்தில் ஏ-9 பாதை மூடப்பட்டது இந்நெருக்கடியை வளர்த்தது. ஓரிரவுக்கென அமைந்த அறை மாதக்கணக்கில் வீடாயிற்று; வாடகையும் நாட்கணக்கிற் கொடுக்கப்பட்டது.

2007 ஜூன் 7ஆம் நாள் விடியுமுன், தக்க காரணமின்றித் தங்கியிருந்தனர் என்று கூறி, 376 தமிழரைப் பொலிசார் லொட்ஜுகளிலிருந்து பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினர். மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின்மீது, உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. பிரதம மந்திரி இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தந் தெரிவித்தார். வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரிற் பலர் கொழும்புக்குத் திரும்பினர். வாடகையைச் செலுத்தியவனிடமே ‘ஏன் இங்கே இருக்கிறாய்?’ என்று கேட்கலாயின், அவன் பெற்றது கூரை மட்டுமே, குடியிருப்பன்று.

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டது. வெள்ளவத்தையிலே சமறி வீடுகள் இருந்த ஒழுங்கைகளில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. வேலைக்கும் படிப்புக்கும் செல்லும் பிள்ளைகள் இன்றும் அறை தேடுகின்றனர். அவர்களின் வாடகைக் கணக்கிலும் ஊரின் பங்கு உண்டு. நகரில் மலிந்த உறையுள் என்பது வேறோரிடத்தில் யாரோ ஒருவர் காத்துவைத்த வீட்டின் பலத்திலேயே நிற்கின்றது என்பதை இந்நூற்றாண்டு வரலாறு காட்டுகின்றது. அவ்வீடு உள்ளவரை அறை போதும். அது அழிந்தால் எவ்வளவு மலிவான அறையும் போதாது. மடங் கட்டிய முன்னோர் ஓரிரவுக்குரிய அறத்தைச் செய்து முடித்தனர். நெடுநாள் தங்குவோனை விருந்தினனாகவும் அந்நியனாகவும் எண்ணாது, குடிமகனாகக் கொள்ளும் அறம் நகரங்களின் கடனாக எஞ்சியுள்ளது.