சுக்கானும் புரொப்பெல்லரும்

ஒரு சமுதாயம் எந்தக் கலையில் தேர்ந்திருந்தது என்பதை அறிய அதன் ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும் என்பதில்லை. அதன் பேச்சில் தங்கிவிட்ட சொற்களும் சான்று கூறும். தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரைக் கடற்கரைகளில் இன்றும் கலத்தைத் திருப்பும் கருவிக்குச் 'சுக்கான்' என்றே பெயர். அது அரபுச் சொல். கலம் செலுத்துபவரை 'மாலுமி' என்கிறோம். ஆசிரியர் என்று பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லே அவ்வாறு திரிந்தது. கடல்வழி அறிந்து கலத்தை நடத்துபவனை அரபு மாலுமிகள் ஆசிரியன் என்றே மதித்து அழைத்தனர். பலகை இடுக்குகளில் பஞ்சும் எண்ணெயும் திணித்து அடைக்கும் வேலைக்குக் 'கலப்பத்து' என்று பெயர். இதற்கு இனமான சொற்கள் அரபியிலும் போர்த்துக்கீசியத்திலும் உண்டு. யாரிடமிருந்து யார் பெற்றார் என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் முடிவு செய்யட்டும். கடலோடிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர் என்பது மட்டும் நமக்குத் தெளிவு.

இனி அதே கரையில், இயந்திரப் படகு ஒன்றின் பின்புறம் சென்று நின்று பாருங்கள். அங்கே கேட்கும் சொற்கள் வேறு. புரொப்பெல்லர், ஷாப்ட், கப்ளிங், பேரிங், கிளாண்ட். ஒன்றுகூட நம்முடையதன்று; அரபுடையதும் அன்று. ஒரே படகில் ஒரு முழத்துக்கு இப்பால் சுக்கான், அப்பால் புரொப்பெல்லர். இந்த ஒரு முழ இடைவெளிக்குள் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அதைச் சற்றே விரித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பாய்மரக் காலம்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திலிருந்த காயலைக் குறிப்பிடுகிறார். ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குதிரைகளை ஏற்றி வரும் கலங்கள் அங்கே தங்கிச் செல்லும் என்கிறார். அக்கலங்களை ஓட்டியது காற்று. பருவக்காற்றின் போக்கை அறிந்தவனுக்குக் கடல் வழிவிட்டது.

மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பும் இந்தப் பாய்க்கலங்களை நம்பியே நடந்தது. பரதவரும் கீழக்கரை முஸ்லிம் குளியாளரும் நிலக்காற்றில் பாய் விரித்துச் சிலாபத்துறைக்குச் சென்று, கடற்காற்றில் கரை திரும்பினர். தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக் குளிப்பே அவ்வரிசையில் கடைசியானது. அதன்பின் சிப்பி வளம் குன்றிற்று, குளிப்பும் நின்றுபோயிற்று.

பாய்க்கலத்தைக் கட்டியவர் ஓடாவி. அவரது கலையின் உயிர்நாடி ஒன்றே: நீர் உட்புகாமல் தடுத்தல். ஏராக்கட்டையிலிருந்து மேற்பலகை வரை ஒவ்வோர் இடுக்கையும் அவர் கலப்பத்தடித்து மூடினார். நீர்மட்டத்துக்குக் கீழே ஊசி நுழையும் துவாரம் இருந்தாலும் அவருக்கு அது இழுக்கு. அத்தகையவரிடம் ஒருநாள், "நீர்மட்டத்துக்குக் கீழே, பின்கட்டையின் நடுவே, கை நுழையும் அளவுக்குத் துளை இடுங்கள், அதன் வழியே ஓர் இரும்புத்தண்டு ஓயாமல் சுழலும், ஆயினும் படகு மூழ்கக் கூடாது" என்று கேட்டால் என்ன நினைத்திருப்பார்? அந்தக் கேள்வியைத்தான் இயந்திர யுகம் கேட்டது.

திருகு பிறந்த கதை

இக்கேள்வியில் முதலில் திணறியவர்கள் ஐரோப்பியரே. தொடக்க கால நீராவிக் கப்பல்களுக்கு இரு பக்கங்களிலும் பெருஞ்சக்கரங்கள் இருந்தன. 1836ஆம் ஆண்டில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரும், ஜான் எரிக்சன் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளரும் தனித்தனியே நீருக்கடியில் சுழலும் திருகுக்கு உரிமை பெற்றனர். ஸ்மித் தொழிலால் ஒரு குடியானவர். அவர் முதலில் அமைத்தது நீண்ட மரத்திருகு. 1837இல் கால்வாயில் ஓட்டிச் சோதித்தபோது அதில் ஒரு பாதி முறிந்துபோயிற்று. முறிந்த பிறகு படகு முன்னிலும் விரைந்தோடிற்று! புரொப்பெல்லர் நீளத் திருகாக இராமல் குட்டையான இதழ்களாக இருக்க வேண்டும் என்ற உண்மை இவ்வாறு ஒரு விபத்தின் வழியே வெளிப்பட்டது.

1845ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படையினர் இரு கப்பல்களைப் பின்னோடு பின்னாகக் கட்டி இழுக்கவிட்டனர். திருகு பூட்டிய 'ராட்லர்', சக்கரம் பூட்டிய 'அலெக்டோ'வைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. சக்கரத்தின் காலம் முடிந்தது.

ஆனால் துளையின் சிக்கல் தீரவில்லை. தண்டைத் தாங்கிய பித்தளைப் பேரிங்குகள் கடல் மணலாலும் ஓயாத உராய்வாலும் விரைவில் தேய்ந்தன; தண்டு ஆடிற்று; நீர் உட்புகுந்தது. 1854இல் ஜான் பென் என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். லிக்னம் வைட்டே என்னும் மிகக் கடினமான மரத்தைச் சிறு பட்டைகளாக அறுத்துத் தாங்கியின் உட்புறம் பதித்தார். அம்மரத்தில் இயற்கையாகவே பிசின் ஊறியிருக்கும். கடல்நீரே அதற்கு எண்ணெயாயிற்று. உலோகம் தோற்ற இடத்தில் மரம் வென்றது. நீராவிக் கப்பல்கள் அஞ்சாமல் மாக்கடல்களைக் கடந்ததற்கு அந்த மரப்பட்டைகளும் ஒரு காரணம் என்பதை வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

1906

அந்தத் திருகின் வலிமையோடுதான் அயலார் கப்பல்கள் நம் கடலை ஆட்கொண்டன. தூத்துக்குடிக்கு 1876இல் இரயில் வந்தது. இரயிலில் வந்து கொழும்புக்குக் கப்பலேறுவோர் தொகை பெருகிற்று. குடாவின் ஆழம் குறைவாகையால் நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில் நங்கூரமிட்டன. தோணிகள் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஊரார் தோணி கூலிக்குச் சுமந்தது. அயலார் கப்பல் இலாபத்தைச் சுமந்தது. கொழும்பு வழி முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையிலிருந்தது.

இந்நிலையை மாற்றவே 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர் ஒருவர் மட்டும் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்கொண்டார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு! நாட்டுக்கு உழைத்தோர் பட்டியலில் இப்பெயரை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவர்?

1907இல் 'காலியா', 'லாவோ' என்ற இரு நீராவிக் கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. கட்டணப் போட்டி மூண்டது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலை 7ஆம் நாள் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவர் சிறையிலிருந்தபோதே, 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 இறுதியில் விடுதலையாகி வந்தவருக்கு வரவேற்கக் கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

இவ்வளவும் பலரும் எழுதியதே. நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. அக்கம்பெனியின் நோக்கங்களைப் படித்தால் அது கப்பல் வாங்கி ஓட்டுவதோடு நிற்கவில்லை என்பது விளங்கும். இந்தியருக்குக் கப்பல் செலுத்தவும் கட்டவும் பயிற்சியளித்தல், அதற்கான பள்ளிகள் நிறுவுதல், கப்பல் கட்டும் துறைகள் அமைத்தல் ஆகியவையும் அதில் எழுதப்பட்டிருந்தன. கப்பலை விலைக்கு வாங்கலாம். அதன் தண்டு தேய்ந்தால், இதழ் முறிந்தால், அதைச் சீர்செய்யும் கையை விலைக்கு வாங்கிக்கொண்டேயிருக்க முடியாது. பழுதானபோதெல்லாம் பிறர் துறையை நாடி நிற்பவன் கப்பலுக்கு உரிமையாளன் ஆகலாம்; கடலுக்கு உரியவன் ஆகான். இவ்வுண்மையை அவர்கள் 1906லேயே கண்டுவிட்டனர். நிறைவேற்றக் காலம் இடந்தரவில்லை.

பட்டறையில் பிழைத்த கலை

கம்பெனியால் அமைக்க இயலாத பள்ளியைக் காலம் வேறு வழியில் அமைத்துக் கொடுத்தது. 1950களுக்குப் பின் தமிழ்நாட்டு மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் எஞ்சின் வந்தது. 1980களில் தூத்துக்குடித் தோணிகளும் பாயோடு எஞ்சினைச் சேர்த்துக்கொண்டன. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் காற்றை நம்பிச் சென்ற தண்டல், இனி தண்டை நம்பலானார். ஓடாவியின் உளியோடு லேத்துப் பட்டறையும் கரைக்கு வந்து சேர்ந்தது.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அந்த 61 நாட்களே பழுதுபார்க்கும் பருவம். குஜராத்தின் காம்பே வளைகுடா போன்ற இடங்களில் வற்றுநீரின்போது படகு தானே தரைதட்டி நிற்கும், அடிப்புறத்தைப் பார்த்துவிடலாம். மன்னார் வளைகுடாவிலோ ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவது அரிது. ஆகவே படகைக் கரையேற்றியே தீர வேண்டும்.

அவ்வேலையை நாம் அருகிருந்து கண்டிருக்கிறோம். முதலில் புரொப்பெல்லரைக் கழற்றுவர். தண்டின் முனை கூம்பியிருக்கும். அதில் புரொப்பெல்லர் இறுகிக் கிடக்கும். சம்மட்டியால் அடித்துக் கழற்றுபவன் தண்டையும் வளைத்துவிடுவான். ஆகவே இழுப்பான் பூட்டி மெல்ல இழுப்பர். பிறகு இதழ்களைச் சுரண்டிப் பார்ப்பர். வெண்கலத்தின் மஞ்சள் நிறம் மாறிச் செம்பு நிறம் தோன்றினால், கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிட்டது என்று பொருள். அத்தகைய இதழைத் தட்டி நிமிர்த்தினால் உடையும். அதை ஒதுக்க வேண்டியதுதான். இதனால்தான் அருகே ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்தி வைப்பர். கடல் அரிமானம் முதலில் அதைத் தின்னும்; தண்டும் இதழும் பிழைக்கும்.

வளைந்த இதழைச் சூடேற்றி, அச்சில் வைத்து நிமிர்த்தி, எல்லா இதழ்களின் சாய்வும் ஒன்றாக உள்ளனவா என்று அளப்பர். பின்னர் கூர்விளிம்புகள்மீது சுழலவிட்டு, கனத்த பக்கம் கீழே வந்து நிற்கிறதா என்று பார்த்து, மிகுதியை அராவி எடுப்பர். இதில் சோம்பினால் படகு முழுதும் அதிரும்; அதிர்வில் ஓடாவியின் கலப்பத்து நெகிழும். தண்டை லேத்தில் ஏற்றிச் சுழற்றி வளைவு காண்பர். தேய்ந்த இடத்தில் குழல் ஏற்றுவர். லிக்னம் வைட்டே இருந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் நீள்வரிப் பள்ளம் கொண்ட ரப்பர்த் தாங்கி. இதற்கும் கடல்நீரே எண்ணெய்.

திரும்பப் பூட்டும்போதுதான் கைத்திறன் தெரியும். கூம்புமுனையில் பசை தடவிப் புரொப்பெல்லரை முன்னும் பின்னும் திருகி, எங்கும் ஒட்டி அமரும்வரை தேய்ப்பர். சாவிக்கட்டை புரொப்பெல்லரைத் தூக்கி நிறுத்தாமல் இருக்க வேண்டும். இவை எல்லாம் முடிந்த பின்னும் எஞ்சினையும் தண்டையும் உடனே இறுக்கிப் பூட்ட மாட்டார்கள். ஏன் என்று முதிய மேஸ்திரி ஒருவரிடம் கேட்டோம். "மரப்படகு தரையில் ஒரு வடிவம், தண்ணீரில் ஒரு வடிவம் ஐயா. மிதக்கவிட்டு மறுநாள்தான் பார்க்கணும்" என்றார். அவ்வாறே மிதக்கவிட்டு, கப்ளிங்கின் இரு முகங்களுக்கும் இடையே மேல், கீழ், வலம், இடம் என நான்கு இடங்களில் மெல்லிய தகட்டை நுழைத்து அளந்தார். 4 அங்குல அகலக் கப்ளிங்கில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 4 பங்குக்கு மேல் வேறுபடலாகாது என்பது கணக்கு. அது ஏறத்தாழ ஒரு தாளின் கனம். வேறுபட்டால் எஞ்சினுக்கடியில் தகடு வைத்துச் சரிசெய்வர்.

கடைசி வேலை கிளாண்ட். தண்டு படகுக்குள் நுழையும் இடத்தில் கொழுப்பேற்றிய நூற்கயிற்றை வளையம் வளையமாக, ஒரு வளையத்தின் இணைப்பு அடுத்ததன் இணைப்பின்மேல் விழாதபடி திணித்து இறுக்குவர். புதியவர் இங்கேதான் தவறுவர். ஒரு சொட்டும் வரக் கூடாதென்று முழு வலிமையோடு இறுக்கினால், கயிறு கருகும், தண்டு தேயும், சில நாட்களில் முன்னிலும் பெரிய ஒழுக்கு உண்டாகும். எஞ்சின் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் விழ வேண்டும். சொட்டும் நீரே தண்டைக் குளிர்விக்கிறது.

நீரைத் தடுப்பதே கலை என்றிருந்த ஓடாவியின் மரபும், நீரை அளந்து விடுவதே கலை என்ற இயந்திர மரபும் இவ்விடத்தில் கைகோத்து நிற்கின்றன. அவர் பலகையை அடைக்காவிட்டால் இவர் தண்டு பயனில்லை. இவர் தண்டை நேராக வைக்காவிட்டால் அவர் அடைப்பு நில்லாது.

நாம் செய்ய வேண்டுவது

1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. 2011இல் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. பெயர் சூட்டல் நன்று. ஆயினும் அவரும் பக்கீர் சேட்டும் கையெழுத்திட்ட கனவில் பெயரைவிட முக்கியமான பகுதி, தொழிலறிவை நம் கைக்குக் கொண்டுவருதல். அது இன்று எந்த ஏட்டிலும் எழுதப்படாமல், கடற்கரைப் பட்டறைகளில் எண்ணெய்க் கறை படிந்த கைகளில் வாழ்கிறது. பல மேஸ்திரிகளின் பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டனர். மரப்படகுகளும் குறைந்துவருகின்றன. காது கொடுத்துத் தண்டின் ஓசையிலேயே கோணலைச் சொல்லும் முதியவர் மறைந்தால், அவரோடு ஒரு நூலகம் புதைக்கப்படும்.

நம் முன்னோர் கலம் நடத்தியவனை ஆசிரியன் என்று அழைத்தனர். கலத்தைச் சீர்செய்பவனையும் அவ்வாறே மதித்திருந்தால், புரொப்பெல்லருக்கும் ஷாப்டுக்கும் நம் நாவில் வேறு பெயர்கள் பிறந்திருக்கக் கூடும். சொல் போனால் போகட்டும், கலையேனும் போகாதிருக்கட்டும். கடற்கரை ஊர்களில் வாழும் நம் இளைஞர்கள் அடுத்த தடைக்காலத்தில் ஒரு நாள் பட்டறைக்குச் சென்று, அந்த முதியவரிடம் கேட்டு, அவர் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். அது பிற்காலத்தார்க்கு வரலாறாக நின்று பயன்படும்.