முழு எண் கூட்டற் செயற்கூறு

முழு எண் கூட்டற் செயற்கூறு என்பது, தன்னிடம் வந்துசேரும் இரண்டு உள்ளீடுகளும் முழு எண்களே என்பதையும், நிரல்மொழி எல்லை விதித்திருப்பின் அவற்றின் கூட்டுத்தொகை அதனுள் அடங்கும் என்பதையும் முதற்கண் பரிசோதித்து, அதன் பின்னரே கூட்டி விடையளிக்கும் சிறு நிரற்பகுதியாகும். பரிசோதனை தரவினம், எல்லை என இருவகைப்படும்.

பைத்தான் மொழியில் முழு எண்ணுக்கு உச்சவரம்பு இல்லையாதலின் தரவினப் பரிசோதனையே பிரதானம். ஆயினும் மெய், பொய் என்னும் தர்க்க மதிப்புகள் அங்கு முழு எண்ணின் உட்பிரிவாகவே அமைந்திருத்தலால், அவற்றைத் தனியே விலக்காத செயற்கூறு மெய்யையும் ஒன்றையும் கூட்டி இரண்டு என்று விடை பகரும். ஜாவாவில் 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பாகிய 2147483647 உடன் 1 சேர்ப்பின், எச்சரிக்கை ஏதுமின்றி -2147483648 என்னும் விபரீத விடை பிறக்கும். சி மொழியிலோ இந்நிலையில் விளைவு யாதென மொழியின் நியமமே வரையறுக்காமையால், கூட்டிய பின் ஆராய்வது பயனற்றது. நேர் எண்ணைக் கூட்டுமுன் அதை உச்சவரம்பிலிருந்து கழித்து, மற்ற எண் அம்மீதியை விஞ்சாதிருப்பதை உறுதி செய்தலே தக்க முறை.

எல்லை மீறலாகிய இக்குறை அற்பமென ஒதுக்கத்தக்கதன்று: ஜாவா நூலகத்தின் இருமத் தேடலில், இரு குறியீட்டெண்களைக் கூட்டி இரண்டால் வகுத்த ஓர் எளிய வரியில் பல்லாண்டு மறைந்திருந்து, 2006-இல் மென்பொருள் பொறியாளர் ஜோஷுவா பிளாக்கால் பகிரங்கமாயிற்று. 2014-இல் வெளிவந்த ஜாவா 8, எல்லை மீறின் பிழையெழுப்பும் ‘ஆட்எக்ஸாக்ட்’ என்னும் செயற்கூற்றைத் தன் நூலகத்திலேயே சேர்த்தது.