மாசி வீதியில் சித்திரைத் தேர்

மதுரைக்குப் புதுசாக வருகிற வெளியூர்க்காரருக்கு முதல் குழப்பம் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடும். கண்டக்டர் "மாட்டுத்தாவணி எல்லாம் இறங்கு" என்று குரல் கொடுப்பார். இறங்கிப் பார்த்தால் மாடும் இருக்காது, தாவணியும் இருக்காது. மாட்டுக்கு எதுக்குய்யா தாவணி என்று யோசிப்பவர்களும் உண்டு. அது பாவாடை தாவணி இல்லை மக்களே. மாடுகளைக் கட்டி வைத்து விற்கிற சந்தைக்குத்தான் தாவணி என்று பெயர். அந்த இடத்தில் 1999-ல் பஸ் நிலையம் வந்தது. போர்டில் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்று இருக்கிறது. மதுரையில் எம்.ஜி.ஆர். பெயரையே ஒன்று தோற்கடித்தது என்றால் அது மாடுதான் :)

இந்த ஊரில் ஒரு விசேஷம். இடத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு அந்தப் பொருளைத் தேடிப் போனால் பாதி நேரம் ஏமாற்றம்தான். ஆனால் ஒவ்வொரு ஏமாற்றத்துக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கும்.

முதலில் திசை. "மேல மாசி வீதிக்கு எப்படிப் போகணும்ணே?" என்று கேட்டுவிட்டு மேட்டைத் தேடக்கூடாது. மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. ஊர் தட்டையாகத்தான் இருக்கிறது. மீனாட்சி கோயிலை நடுவில் வைத்து, சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. ஒவ்வொன்றுக்கும் நாலு திசை. அதாவது காலண்டரைக் கிழித்துத் தரையில் ஒட்டின மாதிரி ஒரு ஊர்.

காலண்டர் என்றால் தேதி சரியாக இருக்க வேண்டாமா? ஆடி முளைக்கொட்டுக்கு அம்மன் ஆடி வீதியில் வலம் வருவார். ஆவணி மூலத் திருவிழாவுக்கு சுவாமி ஆவணி மூல வீதியில் வருவார். இதுவரை கணக்கு டேலி ஆகிறது. சித்திரைத் தேர் எங்கே ஓடும்? சித்திரை வீதியில் என்று சொன்னால் பரீட்சையில் பெயில். சித்திரை மாசத்துத் தேர் ஓடுவது மாசி வீதியில்!

இந்தக் குளறுபடிக்குப் பொறுப்பாளி திருமலை நாயக்கர் (ஆட்சி 1623 முதல் 1659 வரை) என்கிறார்கள். அதற்கு முன்னால் தேரோட்டம் மாசி மாசத்தில் நடந்தது, அதனால்தான் அது மாசி வீதி. மாசி என்பது அறுவடைக் காலம். களத்தில் வேலை இருக்கும்போது அவ்வளவு பெரிய தேரை இழுக்க ஆள் எங்கே கிடைக்கும்? அறுவடை முடிந்து, கையில் காசும் உடம்புக்கு ஓய்வும் இருக்கிற மாசமாகப் பார்த்து விழாவைச் சித்திரைக்கு மாற்றினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதே சித்திரையில்தான் அழகர் மலையிலிருந்து இறங்கி வருவார். முன்பு தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தவரை மதுரைக்குத் திருப்பி, மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்து இரண்டையும் ஒரே பெருவிழா ஆக்கியதும் நாயக்கர்தான் என்கிறார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு அழகர் லேட்டாக வந்து, முகூர்த்தம் முடிந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிற கதை ஊருக்கே தெரியும். இந்த ஊர்க் கல்யாணங்களில் லேட்டாக வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு கிடைக்குமா என்ன!

ராஜா திருவிழாவை மாற்றலாம். தேரை மாற்றலாம். வீதியின் பெயரை மட்டும் அவராலும் அசைக்க முடியவில்லை. மாசி மாசியாகவே இருந்துவிட்டது.

அதே நாயக்கர் 1630-களில் கோயிலுக்குக் கிழக்கே ஒரு மண்டபம் கட்டினார். அப்போது அது புதுசு, புது மண்டபம் என்றார்கள். கிட்டத்தட்ட நாலு நூற்றாண்டு ஆகிவிட்டது. இடையில் கம்பெனி வந்தது, ராணி வந்தார், சுதந்திரமும் வந்தது. தையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் சிற்பங்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக வியாபாரம் பார்த்தார்கள். மண்டபம் இன்னும் புதுசுதான். கல்யாணமாகி நாப்பது வருஷம் கழித்தும் "புதுப்பொண்ணு" என்று கூப்பிடுகிற மாதிரி.

அடுத்து வாசல்கள். கீழவாசல், மேலவாசல், தெற்குவாசல் என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் கூவிக்கொண்டே இருப்பார்கள். ஏறி இறங்கினால் கடைத்தெருவும் டிராபிக்கும்தான் இருக்கும். எந்த வீட்டு வாசல் இது?

ஊர் வாசல். 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் ஊரைச் சுற்றிப் பெரிய கோட்டை கட்டினார். 72 கொத்தளங்கள், 72 பாளையங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். சுவரைச் சுற்றி அகழி. மதுரை 1801-ல் கம்பெனி கைக்குப் போனபிறகு கோட்டைக்கு வேலை இல்லை. உள்ளே நெரிசல், வெளியே நாற்றமெடுத்த அகழி. கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடிக்க முடிவு செய்தார். அதற்கு அவர் பிடித்த வழி சுவாரசியமானது. சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலமே கிடைக்கும் என்றார். இலவசமாக இடம் என்றால் சும்மா இருப்பார்களா? நூற்றாண்டுகள் நின்ற கோட்டை தரைமட்டமாகி, ஊர் வெளியே விரிந்தது. கோட்டையின் ஒரு துண்டு மட்டும் பெரியார் பஸ் நிலையம் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. பஸ் பிடிக்கிற அவசரத்தில் அதைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இடித்த இடத்தில் வந்த வீதிகளில்தான் இருக்கிறது முக்கியமான விஷயம். கடைசிச் சுற்று வெளி வீதி. அதை ஒட்டி மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. மாரட் என்பவர் நிலத்தை அளந்த வெள்ளைக்காரர். பெருமாள் அந்த வேலையை முன்னால் நின்று நடத்திய மேஸ்திரி.

சரி, திட்டம் போட்ட கலெக்டருக்கு என்ன கிடைத்தது? ஊர் மக்கள் நன்றியோடு ஒரு விளக்குத் தூண் நிறுத்தினார்கள். கீழ மாசி வீதிப் பக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதை யாரும் பிளாக்பர்ன் தூண் என்று சொல்வதில்லை. வெறும் "விளக்குத்தூண்". ஜிகர்தண்டா குடிக்கவும் துணி எடுக்கவும் அங்கே போகிற கூட்டத்தில் நிறுத்தி "இது யாருக்காக வைத்தது?" என்று கேட்டால் "வெளிச்சத்துக்குத்தான்" என்று பதில் வரும். கொஞ்சம் தள்ளி பத்துத்தூண் இருக்கிறது. திருமலை நாயக்கர் அரண்மனையைச் சேர்ந்த ஒரு மாளிகையில் மிஞ்சின தூண்கள். அங்கேயும் ராஜா பெயர் இல்லை. எண்ணிப் பார்த்து வைத்த பெயர்தான்.

ஆக, கணக்கை முடித்துப் பார்த்தால் விஷயம் இப்படி நிற்கிறது. ராஜாவின் மாளிகை ஒரு எண்ணிக்கையாகச் சுருங்கிவிட்டது. கலெக்டரின் நினைவுச் சின்னம் வெறும் விளக்காகிவிட்டது. தட்டுமுட்டு ஆயுதங்களோடு வெயிலில் நின்று வேலை வாங்கின மேஸ்திரி மட்டும் முழுப் பெயரோடும் செய்த தொழிலோடும் நிற்கிறார். ரயிலை விட்டு இறங்கி லாட்ஜ் தேடுகிற ஒவ்வொரு பயணியும் "மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி" என்று தினமும் அவரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் மேஸ்திரிகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஊருக்குப் பெயர் வைக்கிறவர்கள் போர்டு எழுதுகிறவர்கள் இல்லை. பஸ்ஸில் கத்துகிற கண்டக்டரும், பேரம் பேசுகிற ஆட்டோக்காரரும், வழி சொல்கிற டீக்கடை அண்ணாச்சியும்தான். அவர்கள் வாயில் நுழையாத பெயர் கல்லில் வெட்டினாலும் நிற்காது. நுழைந்துவிட்டால் மாடு போனாலும், கோட்டை போனாலும், மாசம் மாறினாலும் போகாது.

அதனால் அடுத்த தடவை மதுரையில் தெற்குவாசலில் நின்றுகொண்டு "வாசல் எங்கேண்ணே?" என்று கேட்டுவிடாதீர்கள். "நீங்க நிக்கிறதுதான் தம்பி" என்று பதில் வரும். அது தப்பான பதிலும் இல்லை :)