கோடி

திருப்பாலைக்குடிக் கடற்கரையிலிருந்து தெற்கே போய்ப் பாம்பனைக் கடந்தால் நிலம் தனுஷ்கோடியில் முடிகிறது. வடக்கே போனால் கோடிக்கரை. இந்தக் 'கோடி' நூறு லட்சம் அல்ல, நுனி, கடைசி. தெருக்கோடி, கடைக்கோடி என்று நாம் புழங்குவதும் இதையே. வடமொழியில் கோடி என்பது வில்லின் வளைந்த நுனி. தனுசு என்றால் வில். தமிழில் கோடுதல் என்றாலும் வளைதல்தான். இந்த ஒற்றுமை எனக்கு வியப்பு.

இணையச் சேவையின் 'எண்ட்பாயிண்ட்'டை, அதாவது கோரிக்கை போய்ச் சேரும் முகவரியை, இறுதிமுனை எனலாம். நான் கோடி என்பேன். அது முடியும் இடம் மட்டுமல்ல, போய்ச் சேரும் இடமும்கூட. 1914 முதல் ரயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் புயலில் அந்த ரயில்பாதை அழிந்தது. ஊர்ப்பெயர் இன்றும் வரைபடத்தில் இருக்கிறது. ரயில் இராமேசுவரத்தோடு நிற்கிறது.

இணையக் கோடியிலும் இப்படி நடக்கும். சேவை பதில் தராதபோது அதன் முகவரியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: வழங்கியின் பெயர், துறை எண் (போர்ட்), பாதை. பெயருக்குரிய ஐபி முகவரியே கிடைக்காவிட்டால் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். இணைப்பு மறுக்கப்பட்டால் பெரும்பாலும் கணினி இருக்கிறது, அந்தத் துறையில் சேவை ஓடவில்லை. எச்டிடிபிஎஸ்ஸுக்கு வழக்கமான எண் 443. பதிலாக 404 வந்தால் வழங்கிவரை போய்விட்டோம், அங்கே அந்தப் பாதை இல்லை. அப்போது நெட்வொர்க்கை நோண்டுவது வீண்வேலை. அமைப்புக் கோப்பைத் திறந்து, பழைய சோதனை முகவரி ஏதும் தங்கியிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.